ஆயிரங்கால் மண்டபம் ஏன் ஆடுச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவை, திரும்பச் சொன்னது எல்லாத்தையும் வெட்டிட்டு, படிக்க வசதியா மாத்தியிருக்கேன்.)

மதுரையிலேர்ந்து பேசுறேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். போன தீபாவளி லீவுல எங்க அம்மாச்சியை நான் வாந்தி எடுக்க வச்சேன்.

அம்மாச்சிக்கு 79 வயசு. ஒரு காலத்துல வாரம் தவறாம மீனாட்சி கோயிலுக்குப் போன ஆளு. ரெண்டு முழங்காலும் தேஞ்ச பிறகு மூணு வருஷமா கோபுரத்தை மாடியிலேர்ந்து பார்த்துக் கும்பிடறதோட சரி. நான் ஆபீஸ் முடிஞ்சு வந்து, ஆறேழு மாசமா, ஆயிரங்கால் மண்டபத்தை வி.ஆர்.ல கட்டிக்கிட்டு இருந்தேன். கேம் மாதிரிதான், ஹெட்செட்டை மாட்டினா உள்ள நடக்கலாம். கோயிலுக்குள்ள 2018-லேர்ந்து போன் கொண்டுபோக முடியாது. அதனால நோட்டுப் புத்தகத்துல படம் வரைஞ்சு, அச்சுல வந்த போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. பேருக்குத்தான் ஆயிரம், எண்ணினா 985 தூண்.

அம்மாச்சிக்குக் காட்டணும்னு, எல்லா செட்டிங்கையும் உச்சத்துக்குத் தள்ளி வச்சேன். யாளியோட பல்லு வரைக்கும் தெரியணும்ல. ஹெட்செட்டை மாட்டிவிட்டு, ஜாய்ஸ்டிக்கை நானே பிடிச்சு அவங்களை மண்டபத்துக்குள்ள நடத்திக் கூட்டிப் போனேன். ஒரு நிமிஷம்கூட ஆகல. "ஏய்யா, தூணெல்லாம் ஆடுதுய்யா" அப்படின்னாங்க. அடுத்த நிமிஷம் நான் ஹெட்செட்டைக் கழட்டிட்டு வாளியைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். எத்தனை பொத்தான் இருந்தாலும் உள்ள நடக்கிறது ஒரே பேரம்தான். ஒரு நொடியில ஹெட்செட் போடக்கூடிய கணக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு இருக்கு. அதை ஒவ்வொரு படத்தையும் கூர்மையாக்கச் செலவழிக்கலாம். இல்லைன்னா நொடிக்கு நிறையப் படம் காட்டச் செலவழிக்கலாம். முதல்ல சொன்னது தெளிவு, அடுத்தது ஓட்டம். ரெண்டையும் முழுசா வாங்க காசு பத்தாது.

இந்தப் பேரம் வி.ஆர்.ல ஆரம்பிச்சது இல்லை. நம்ம ஊர் தியேட்டர்ல ஓடின ஒவ்வொரு ரீலுக்குள்ளயும் இது இருந்தது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

எங்க பெரியப்பா ஒரு ஆபரேட்டர். உசிலம்பட்டி பக்கத்துல டூரிங் டாக்கீஸ்ல ஆரம்பிச்சு, பிறகு ஒரு பெர்மனென்ட் தியேட்டர்ல கார்பன் குச்சியை எரிச்சு ப்ரொஜெக்டர் ஓட்டினவர். அம்மாச்சி கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னார்: "படம் மங்குனா கத்துவாய்ங்க. படம் ஆடுச்சுன்னா கத்த மாட்டாய்ங்க, தலையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க."

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 35 எம்.எம். ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். ஊமைப்பட ஆரம்ப காலத்துல நொடிக்குச் சுமாரா 16 ஃப்ரேம் வேகத்துல எடுத்தாங்க. அதாவது நொடிக்கு ஒரு அடி ஃபிலிம். 1905 வாக்குல திருச்சி ரயில்வேயில வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்டேர்ந்து ப்ரொஜெக்டரை வாங்கிக்கிட்டு ஊர் ஊரா கூடாரம் போட்டுப் படம் காட்டின காலம் அது. கையால சுத்துற மிஷின். சுத்துற கை சோர்ந்தா படமும் சோரும்.

பிறகு பேசும் படம் வந்தது. கை சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி குரல் ஏறி இறங்கினா யாரு கேட்பா? மோட்டார் வச்சு ஒரே வேகத்துல ஓட்ட வேண்டியதாச்சு. ஃபிலிம் ஓரத்துல பதியற ஒலி தெளிவா கேட்கணும்னா ஃபிலிம் வேகமாவும் ஓடணும். அப்படித்தான் 24 நிலைச்சது. கவனிங்க, கண்ணுக்காக இல்லை, காதுக்காக. நமக்கு 1931-ல 'காளிதாஸ்' வந்தப்பவே அந்த எண்ணை வேற யாரோ முடிவு பண்ணி வச்சிருந்தாங்க.

16-லேர்ந்து 24-ன்னா ஃபிலிம் செலவு ஒண்ணரை மடங்கு. நிமிஷத்துக்கு 90 அடி. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. 11,000-த்தை 90-ஆல வகுத்துப் பாருங்க, 122 நிமிஷம். பாட்டுக்கு மேல பாட்டு வச்சு மூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டு இருந்த நம்ம ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு யோசிங்க. நாம இன்னைக்கு மில்லிசெகண்டுல எண்ணுறதை அவங்க அடியில எண்ணினாங்க.

சரி, 24 போதுமா? போதாது. நொடிக்கு 24 தடவை வெளிச்சம் விட்டு விட்டு வந்தா கண்ணு கூசும். அதுக்கு ஒரு அழகான ஏமாத்து வேலை இருக்கு. ப்ரொஜெக்டர்ல சுத்துற ஷட்டருக்கு ரெண்டு பிளேடு. ஒரு பிளேடு, அடுத்த ஃப்ரேம் இறங்கற நேரத்துல வெளிச்சத்தை மறைக்கும். இன்னொண்ணு ஃப்ரேம் சும்மா நிக்கும்போதே நடுவுல ஒரு தடவை மறைக்கும். அதனால ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு தடவை மின்னும். 24 ஃப்ரேம், 48 மின்னல். ஊமைப்படக் காலத்துல 16 ஃப்ரேமுக்கு மூணு பிளேடு; மூவாறு பதினெட்டுன்னு போகாதீங்க, 16-ஐ மூணால பெருக்கினா அதே 48.

இது சும்மா கிடைச்சதில்லை. பிளேடு மறைக்கிற நேரமெல்லாம் வெளிச்சம் நஷ்டம், கிட்டத்தட்ட பாதி போயிடும். பெரியப்பா கார்பன் குச்சியோட போராடினது, அந்தப் போன பாதியை ஈடு கட்டத்தான்.

இதை மதுரையில வச்சு நினைச்சுப் பாருங்க. 1937-ல வந்த 'சிந்தாமணி' படத்தோட லாபத்துல தியேட்டரே கட்டின ஊர் இது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோட திறந்த தங்கம் தியேட்டர்ல 2,563 சீட். ஆசியாவிலேயே பெரிசுன்னு ஊரே பெருமை பேசின இடம். இன்னைக்கு அந்தக் கட்டடம் இல்லை. ஆனா இன்ஜினியரா யோசிச்சா அந்த ஹால் ஒரு பெரிய தலைவலி. முன் பெஞ்சுல உட்கார்ந்தவனுக்கும் கடைசி வரிசையில இருந்தவருக்கும் ஒரே 35 எம்.எம். ஃப்ரேம். முன்னாடி இருக்கிறவனுக்குத் திரை கண்ணை நிறைக்கும். ஃபிலிமோட துகள் தெரியும், ஓரக்கண்ணுல மின்னலும் தெரியும், ஏன்னா மினுக்கறதைக் கண்டுபிடிக்கறதுல ஓரக்கண்ணு கெட்டி. கடைசி வரிசைக்கு எதுவும் தெரியாது, நல்லாவே இருக்கும். ஒரே படம், ஒரே வேகம். உட்காரற இடத்தைப் பொறுத்து தெளிவும் மாறும், ஓட்டமும் மாறும். வி.ஆர். ஹெட்செட்ங்கறது என்ன? ஊர்ல இருக்கிற எல்லாரையும் முன் பெஞ்சுக்கும் முன்னாடி உட்கார வைக்கிறது.

ஆனா போஸ்டர்ல எது வந்தது? தெளிவுதான். '70 எம்.எம்.' 1986-ல ரஜினி நடிச்ச 'மாவீரன்' தமிழோட முதல் 70 எம்.எம். படம்னு வந்தது. அதுக்கு முன்னாடி 1975-ல 'ஷோலே'. அதைப் படம் பிடிச்சது 35 எம்.எம்.லதான், பிரிண்ட் போடும்போது 70-க்குப் பெருசாக்கினாங்க. நம்ம பாஷையில சொன்னா அப்ஸ்கேலிங். '24 ஃப்ரேம்'னு எந்தப் போஸ்டர்லயாவது பார்த்திருக்கீங்களா? ஓட்டத்தை யாரும் விக்க முடியல. ஏன்னா அது சரியா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது.

டிவிக்காரங்க இதே பேரத்தை வேற மாதிரி முடிச்சாங்க. தூர்தர்ஷன் காலத்து டிவி 625 கோடு, நொடிக்கு 25 முழுப் படம். 25-ன்னா மினுக்கும். 50 முழுப் படம் அனுப்ப அலைவரிசையில இடம் இல்லை. அதனால படத்தைச் சீவி, ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகளை அடுத்த தடவைன்னு நொடிக்கு 50 அரைப்படமா அனுப்பினாங்க. கிரிக்கெட் பந்து வழுக்கிக்கிட்டுப் போகும். ஆனா மெல்லிய கோடு போட்ட சட்டையோ, நெருக்கமான கட்டம் போட்ட சேலையோ வந்தா அது உயிர் வந்த மாதிரி நெளியும். உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும். அந்த நெளிவை மறந்துடாதீங்க, தூணுக்கு வரும்போது திரும்ப வரும்.

அப்புறம் 3டி. 1984-ல கேரளத்துலேர்ந்து 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவோட முதல் 3டி படம். அடுத்த வருஷமே தமிழ்ல 'அன்னை பூமி', நம்ம மதுரைக்காரர் விஜயகாந்த் நடிச்சது. குட்டிச்சாத்தான்ல ஒரே ஃபிலிம் ஃப்ரேமை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சு, ஒரு கண்ணுக்கு ஒண்ணு. அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி ஃப்ரேம்தான். கண்ணாடி வேற வெளிச்சத்துல பாதிக்கு மேல தின்னுடும். ஐஸ்கிரீம் கையை நீட்டினா எட்டற தூரத்துல வந்து நின்னப்போ யாரும் அதைப் பத்திக் கவலைப்படலைங்கறது வேற விஷயம்.

இதெல்லாத்துலயும் ஒண்ணு பொதுவா இருக்கு. படம் எதிர்ல இருந்தது, தலை நம்மகிட்ட இருந்தது. கேமராவை வேகமாத் திருப்பினா 24 ஃப்ரேம்ல படம் ரெட்டை ரெட்டையாத் தெரியும். ஒளிப்பதிவாளர்களுக்கு அது தெரியும். அதனால ஒரு பொருள் திரையோட ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு நொடியாவது ஆகணும்னு ஒரு வழக்கம் வச்சு, மெதுவாத் திருப்புவாங்க. குறையை மறைக்க ஒரு ஆள் இருந்தார். அந்தக் குறையே பிறகு நமக்குப் பிடிச்சும் போச்சு. 2012-ல 'தி ஹாபிட்' படத்தை 48 ஃப்ரேம்ல காட்டினப்போ, ஏதோ டிவி நாடகம் பார்க்கிற மாதிரி இருக்குன்னு நிறையப் பேர் முகம் சுளிச்சாங்க.

வி.ஆர்.ல அந்த ஒளிப்பதிவாளர் கிடையாது. கேமரா உங்க கழுத்து மேல இருக்கு. யாராவது கூப்பிட்டா அது வெடுக்குனு திரும்பும்.

2013-ல டெவலப்பர்களுக்குக் கிடைச்ச முதல் ஆக்குலஸ் ரிஃப்ட், 1280-க்கு 800 பிக்சல், 60 ஹெர்ட்ஸ். அந்த ஒரே திரையை ரெண்டு கண்ணும் பங்கு போடணும், குட்டிச்சாத்தான் ஃப்ரேம் மாதிரி. கொசுவலை வழியா பார்க்கிற மாதிரி பிக்சல் தெரியும். ஆனா பெரிய பிரச்சினை அது இல்லை. தலையைத் திருப்பினா எல்லாம் தீற்றிக்கிட்டுப் போச்சு. காரணம், ஒரு ஃப்ரேம் திரையில 16.7 மில்லிசெகண்ட் முழுக்க எரிஞ்சுக்கிட்டே இருந்தது. நொடிக்கு 100 டிகிரி வேகத்துல தலையைத் திருப்புறீங்கன்னு வைங்க, பெரிய வேகம் இல்லை அது. அந்த 16.7 மில்லிசெகண்ட்ல தலை 1.67 டிகிரி நகர்ந்திருக்கும். படம் நகராது. அவ்வளவு தூரத்துக்குத் தீற்றல். முழு நிலவை அண்ணாந்து பார்த்தா அரை டிகிரி. மூணு நிலா அகலத்துக்கு மைக்குள்ள விரலை வச்சு இழுத்த மாதிரி.

இதுக்குக் கிடைச்ச தீர்வைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த வருஷம் வந்த மாடல்லேர்ந்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு மூணு மில்லிசெகண்ட் மட்டும் மின்ன விட்டு, மீதி நேரம் திரையை இருட்டாக்கிட்டாங்க. லோ பெர்சிஸ்டென்ஸ்னு பேரு. பெரியப்பாவோட பிளேடுதான், வேற என்ன? அதுக்கு விலையும் அதே விலைதான்: வெளிச்சம் குறையும், மினுக்கல் வரும், மினுக்காம இருக்க ஃப்ரேமை ஏத்தணும். 2016-ல ஆக்குலஸும் எச்.டி.சி. வைவும் கடைக்கு வந்தப்போ 90 ஹெர்ட்ஸ். ஒரு ஃப்ரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட்.

இங்கதான் எனக்கு விஷயம் உறைச்சது. தலை அசையாம இருக்கிற வரைக்கும்தான் தெளிவும் ஓட்டமும் போட்டி. தலை அசைஞ்ச உடனே ஓட்டம் இல்லாத இடத்துல தெளிவும் இல்லை. நான் அம்மாச்சிக்காகச் செதுக்கின யாளிப் பல்லை அவங்க பார்க்கவே இல்லை.

என்கிட்ட இருக்கறது க்வெஸ்ட் 2. திரை ஒரு கண்ணுக்கு 1832-க்கு 1920. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம் பிக்சல். 72 ஹெர்ட்ஸ்ல நொடிக்கு 50 கோடி. சாதாரண ஃபுல் எச்.டி. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல பன்னிரண்டு கோடி சொச்சம்தான். இதை ஒரு போன் சிப் பேட்டரியில ஓடிக்கிட்டே செய்யணும். முடியாதுன்னு செஞ்சவங்களுக்கே தெரியும். நாம எதையும் தொடாம விட்டா, கேம் ஒரு கண்ணுக்கு 1440-க்கு 1584 அளவுலதான் வரையும், அப்புறம் திரைக்கு இழுத்துப் பெருசாக்கும். பெட்டியில அச்சடிச்சிருக்கிற எண்ணுல மூணுல ரெண்டு பங்கு பிக்சல். போஸ்டர்ல 70 எம்.எம்., ரீல்ல 35.

நான் என்ன பண்ணேன்? ரெண்டர் ஸ்கேலை 1.5-க்கு ஏத்தினேன். ரெண்டு பக்கமும் ஒண்ணரை மடங்குன்னா பிக்சல் 2.25 மடங்கு. 13.9 மில்லிசெகண்ட்ல முடிய வேண்டிய ஃப்ரேம் முடியல. ஹெட்செட் பழைய ஃப்ரேமையே எடுத்து, தலை திரும்பின அளவுக்குத் திருப்பி ஒட்டிக் காட்டும். டைம்வார்ப்னு சொல்றது அதுதான். நான் சும்மா உட்கார்ந்து தலையைத் திருப்பித் திருப்பி டெஸ்ட் பண்ணினதால எனக்குக் குறையே தெரியல. ஆனா அது திரும்பறதைத்தான் சரி பண்ணும், நகர்றதை இல்லை. மண்டபத்துக்குள்ள நடந்தா பக்கத்துத் தூண் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டாத் தெரியும். 985 தூண் 1970 தூண் ஆகிடும். இதுக்கு நடுவுல அம்மாச்சியோட கண்ணு நடக்கறேன்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுது. 24-ஐக் காது முடிவு பண்ணினது மாதிரி இங்கயும் காதுதான் கடைசி வார்த்தை சொல்லுது, இந்தத் தடவை உள்காது.

இப்ப செட்டிங்ஸ். முதல்ல ஓட்டத்தைப் பூட்டுங்க. 72-ன்னா 72, மண்டபத்துலயே நெரிசலான மூலையில நின்னு பார்த்தாலும் இறங்கக்கூடாது. சராசரி எண்ணை நம்பாதீங்க, மோசமான மூலையைப் பாருங்க. அப்புறம் மிச்சம் இருக்கிற நேரத்துக்குத் தெளிவை வாங்குங்க. நான் ஸ்கேலை 1-க்குக் கொண்டுவந்தேன். அசையற நிழலைத் தூக்கிட்டு, நிழலை முன்கூட்டியே கல்லுல பூசிட்டேன்; மண்டபத்துல சூரியனா ஓடப்போகுது? லென்ஸோட ஓரம் எப்படியும் மங்கல்தான், அங்க குறைச்சு வரையச் சொன்னேன்.

அப்பவும் தூண் விளிம்பு நெளிஞ்சது. தூர்தர்ஷன் சேலை! மெல்லிய கோடு, அதை முழுசாப் பிடிக்கப் போதாத புள்ளி, நோய் ஒண்ணுதான். இதுக்கு ஸ்கேலை ஏத்தறது வெட்டிச் செலவு. நாலு மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. போட்டேன், அது விளிம்பை மட்டும் நாலு இடத்துல தொட்டுப் பார்க்கும், உள்பரப்புக்கு ஒரே கணக்குதான். போன் சிப்புல இது மலிவு. முந்தின ஃப்ரேம்களைக் கலந்து மழுப்புற டி.ஏ.ஏ. மானிட்டர்ல அழகா இருக்கும். ஹெட்செட்ல கண்ணுக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருக்கு, என் கருத்து. கடைசியா, ஜாய்ஸ்டிக் நடையை எடுத்துட்டேன். இப்ப இடத்தைக் காட்டினா அங்க போய் நிக்கலாம், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு அம்மாச்சிகிட்ட திரும்பக் கேட்டேன். முதல்ல முடியாதுன்னாங்க. பெரியப்பா மாட்டிப் பார்த்துட்டு "ஒண்ணும் ஆடல மதினி" அப்படின்னு சொன்ன பிறகுதான் சம்மதிச்சாங்க. பக்கத்துல வாளியை வச்சுக்கிட்டுதான் மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கல்லு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. அங்கயும் உள்ள இருட்டாத்தான் இருக்கும்"னாங்க. கையை நீட்டித் தூணைத் தொடப் பார்த்தாங்க. இருபது நிமிஷம் கழிச்சு நானா கழட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

கழட்டறதுக்கு முன்னாடி கேட்டாங்க: "இப்படியே அங்கிட்டுத் திரும்பி அம்மன் சன்னதிக்குப் போயிரலாமா?"

அங்கிட்டு நான் இன்னும் எதுவும் கட்டல. திரும்பினா வெறும் சாம்பல் நிறம்தான். பொற்றாமரைக் குளத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். தண்ணியில பிரதிபலிப்பை 13.9 மில்லிசெகண்டுக்குள்ள எப்படி அடக்கறதுன்னு யாருக்காவது வழி தெரிஞ்சா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.